கிளட்ச் இல்லாத டிரக்

தசராவுக்குள் என் டிரக்கை ஓட வைத்துக் காட்டுவது, இல்லாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன். பெயரை மாற்றுவதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பாலசுப்ரமணியன் என்று புனேயில் எவரும் என்னை முழுதாகக் கூப்பிட்டதில்லை. வாட்ச்மேனுக்கு நான் பாலு சாப். பால்காரருக்கு சுப்ரமணி. காஸ் ஏஜென்சிக்கு மிஸ்டர் நியன். ஆனால் டிரக் அப்படி இல்லை. அது என் உயிர்.

டிரக் என்றதும் வெங்காயம் ஏற்றும் லாரியை நினைத்துவிடாதீர்கள். முன்னால் உட்கார இரண்டு பேருக்கு இடம், பின்னால் திறந்த தொட்டி. பிக்கப் டிரக். புனேக்கு வெளியே சாகணில் நான் வேலை பார்க்கும் வண்டிக் கம்பெனி, சோதித்துப் பார்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து அதை வரவழைத்தது. சோதனை முடிந்ததும், ஊழியர்களில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டார்கள். ஹாலில் ஒரே ஒரு கை உயர்ந்தது. அது என் கை. மூக்கைச் சொறியத்தான் தூக்கினேன் என்று என் மனைவி கோதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அதில் கிளட்ச் கிடையாது. ஆட்டோமேட்டிக். அந்தக் காலத்தில், அதாவது இரண்டாயிரத்து ஏழில், எங்கள் வாகட் பகுதி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு டிரக் கிடைக்காது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் நாலே நாலு எழுத்து. பி என்றால் நிற்கும், சக்கரமே பூட்டிக்கொள்ளும். ஆர் என்றால் பின்னால். என் என்றால் சும்மா. டி என்றால் முன்னால். அவ்வளவுதான். முதல் நாள் ஓட்டியபோது என் இடது கால் வேலை பறிபோன துக்கத்தில் சும்மா இருக்க முடியாமல் பிரேக்கை மிதித்தது. பின்னால் தொட்டியில் இருந்த கோதையின் கிரைண்டர் டிரைவர் சீட் வரைக்கும் விசாரிக்க வந்துவிட்டது.

ஓட்டினேன். கொஞ்ச நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். அப்புறம் கம்பெனி பஸ் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி வாசலுக்கே வர ஆரம்பித்தது. மழைக்காலம் வந்தது. மழை நிற்கட்டும் என்று டிரக்கைக் கட்டடத்துக்குக் கீழே எங்கள் பார்க்கிங்கில், சுவரைப் பார்த்து நிறுத்தினேன். அந்த மழை நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வருஷத்து மழையும் நின்றுவிட்டது. டிரக் மட்டும் நின்றபடியே நின்றது.

இதில் கோதைக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். அவள் சிவாஜிநகரில் ஒரு பாங்க்கில் அதிகாரி. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறாள். ஒரு சின்னக் கார் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல கணவன் சொல்ல மாட்டான். நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி.

"வாங்கலாம் அம்மிணி. எங்க நிறுத்தறது?"

வீட்டுக்கு ஒரு பார்க்கிங் என்பது சொசைட்டி சட்டம். எங்கள் இடத்தில் டிரக் நிற்கிறது. இதைக் கேட்டதும் அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களோடு பேசுவாள். கல்யாணமாகி நான் ஜெயித்த ஒரே வாதம் இது. அதனால் அடிக்கடி பயன்படுத்தினேன்.

ஒருநாள் சாகணிலிருந்து வந்து இறங்கினால், கீழ்வீட்டு லூர்துசாமி அங்கிள் கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். திருச்சிக்காரர். டிபென்ஸ் அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ராணுவ லாரிகளின் ரிப்பேர் பில்களையெல்லாம் பாஸ் செய்தவர் என்பதால் லாரிகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவர் நம்பிக்கை.

"அரே தம்பி, இன்னிக்கு உங்க டிரக்குக்கு ஆபத்து வந்து போச்சு. கோதைம்மா பங்கார்வாலாவைக் கூட்டிட்டு வந்துச்சு."

பங்கார்வாலா என்றால் பழைய இரும்பு எடுப்பவன்.

"அப்புறம்?"

"ஆறு பேர் தள்ளினானுங்க. நானும் ஒரு கை போட்டேன். ஒரு இஞ்ச் நகரலை. பக்கா வண்டி, தம்பி!"

எப்படி நகரும்? கியர் பி-யில் இருக்கிறது. சாவி என் ஆபீஸ் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருக்கிறது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

"கோதை! என்னைக் கேக்காம என் வண்டியைக் குடுக்கப் பாத்தியா?"

"ஓடாத வண்டிய யாரைக் கேட்டா என்னங்க?"

"ஓடாதுன்னு யார் சொன்னது? ஓய்வெடுக்குது."

"ரெண்டு மழக்காலமாவுங்களா? ஒரு வேலையும் செய்யாம இப்படி ஓய்வெடுக்கறத நான் வீட்டுக்குள்ளதான் பாத்திருக்கறேன்."

"சாவி போட்டா அடுத்த நிமிஷம் பறக்கும்!"

"பறக்க வேண்டாமுங்க. உருண்டாப் போதும்." கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "தசரா வருது. சொசைட்டில எல்லா வண்டிக்கும் பூஜ போட்டு எலுமிச்சம்பழத்து மேல ஏத்துவாங்க. உங்க வண்டி யாரும் தள்ளாம தானா ஏறுச்சுன்னா, அத விக்கறதப் பத்தி இனி ஒரு வார்த்த பேச மாட்டேன். காலத்துக்கும் நம்மகூடவே இருக்கட்டும். ஏறலீன்னா நீங்களே சாவியக் குடுத்தரோணும்."

"நமக்கு ஆயுத பூஜை அதுக்கு முதல் நாள் இல்லையா?"

"இங்க எல்லாரும் தசராவுக்குத்தானுங்க பண்றாங்க. உங்களுக்கும் ஒரு நாள் சேத்திக் கெடைக்குது பாருங்க."

என் மேல் என்ன கரிசனம்! கண் கலங்கிவிட்டது எனக்கு. சத்தியம் செய்து கொடுத்தேன்.

சாகண் பக்கம் தொழிற்சாலைகளுக்கு வியாழக்கிழமை விடுமுறை. பாங்க்குக்கு இல்லை. கோதை பஸ் ஏறிய உடனே நான் சாவியோடு கீழே இறங்கினேன். ஒரு உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆட்டோமொபைல் எஞ்சினியர் என்று சொசைட்டி முழுக்க என்னை மதிக்கிறது. நான் இருப்பது பெயின்ட் ஷாப், வண்டிக்கு வர்ணம் அடிக்கும் பிரிவு. ஒரு வண்டிக்கு வெளியே ஒட்டியிருப்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. உள்ளே இருப்பதற்கும் எனக்கும் அறிமுகம் இல்லை.

பாட்டரி செத்திருந்தது. லூர்துசாமி அங்கிளின் பழைய ஃபியட்டிலிருந்து வயர் போட்டு இழுத்தோம். எஞ்சின் இருமி, தும்மி, கருப்பாக ஒரு புகை விட்டு, எழுந்துவிட்டது. நான் ஸ்டியரிங்குக்கு முத்தம் கொடுத்தேன். சுவரைத் தொட்டுவிடாமல் ஓரடி நகர்த்திப் பார்க்கலாம் என்று டி-யில் போட்டேன். எஞ்சின் கர்ஜித்தது. வண்டி அசையவில்லை.

"பிரேக்கை எடுங்க தம்பி."

"எடுத்தாச்சு."

"ஹேண்ட் பிரேக்?"

"அதுவும் எடுத்தாச்சு."

"அப்போ கார்புரேட்டர்."

"இது டீசல் வண்டி அங்கிள். கார்புரேட்டரே கிடையாது."

"அதான் ப்ராப்ளம்! இல்லைன்னா வாங்கிப் போடணும்ல?"

கம்பெனியில் கியர் பிரிவில் இருக்கும் சங்கரனுக்குப் போன் போட்டேன். மதுரைக்காரன், நல்லவன். ஆனால் எதற்கும் அவசரப்பட மாட்டான்.

"பாலு, கியர் பெட்டில ஆயில் இருக்கா பாரு. செவப்பா இருக்கும். அந்த ஆயிலோட பிரஷர்லதான் உள்ள எல்லாமே பிடிக்கும்."

எஞ்சினை நிறுத்திவிட்டு, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். கோட்டுக்கு மேலேயே இருந்தது. "ரொம்பி வழியுது சங்கரா!"

"எஞ்சின் ஓடுதா?"

"நிறுத்திட்டேன்."

"நாசமாப் போச்சு. நின்ன வண்டில ஆயிலெல்லாம் கீழ எறங்கிரும்டா. அது பொய் சொல்லும். ஓட விட்டுப் பாரு."

ஓட விட்டுப் பார்த்தேன். கம்பி, தேய்த்துக் கழுவி வைத்த கரண்டியாக வெளியே வந்தது. ஒரு சொட்டு இல்லை. இருந்த ஆயில் எல்லாம் எங்கே போயிருக்கும்? குனிந்து தரையைப் பார்த்தேன். டிரக்குக்குக் கீழே சிவப்பாகத் தீவுகள்.

அப்போதுதான் புரிந்தது. இந்தச் சிவப்புக் கறைக்காகத்தான் கோதை மாதக் கணக்கில் வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பான் போட்டு எங்கள் பார்க்கிங்கில் துப்புகிறான் என்று மராட்டியில், ஹிந்தியில், கோபம் முற்றினால் பொள்ளாச்சித் தமிழில் திட்டுவாள். அவன் பாண்டுரங்கன் மேல் சத்தியம் செய்து, வாயைத் திறந்து காட்டுவான். நானும் பக்கத்தில் நின்று, "இன்னும் நல்லாத் திற" என்பேன். அந்த மனிதனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நிகடியில் ஒரு கடையில் சிவப்பு ஆயில் வாங்கி வந்து ஊற்றினேன்.

மறுபடி ஸ்டார்ட் செய்தேன். பி-யிலிருந்து டி-க்குப் போகும் வழியில்தான் ஆர் இருக்கிறது. கியர் கம்பி ஆர்-இல் ஒரு கணம் தங்கியது. வண்டி பின்னால் பாய்ந்தது. லூர்துசாமி அங்கிள் அவருடைய வயதை மறந்து தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டார்.

"ஓடுது! ஓடுது!" என்று நான் கத்தினேன்.

"என் மேலயே ஓடுது!" என்று அவர் கத்தினார்.

பாதியில் பிரேக் பிடித்து, வெற்றிப் புன்னகையோடு டி-யில் போட்டேன். கர்ஜனை. அவ்வளவுதான். ஆர்-இல் போட்டால் துள்ளுகிறது. டி-யில் போட்டால் தூங்குகிறது. மறுபடி சங்கரன்.

"ரிவர்ஸ் பிடிக்குது, முன்னாடி பிடிக்கலையா? அப்ப முன்னாடி போறதுக்குன்னு உள்ள இருக்கற ரப்பர் சீலெல்லாம் சும்மா நின்னே காஞ்சு போயிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் எஞ்சினைச் சூடு பண்ணிப் பாரு. சில சமயம் ரப்பர் இளகிப் பிடிக்கும். இல்லைன்னா பெட்டியை எறக்கணும். சாமான் வெளிநாட்டுலருந்து வரணும். நான் விசாரிச்சுட்டுப் போன் பண்றேன்."

எஞ்சின் சூடாயிற்று. நான் அதைவிடச் சூடானேன். ரப்பர் இளகவில்லை. தசரா ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டுச் சாமான் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது. நானும் அங்கிளும் வாட்ச்மேனும் சேர்ந்து, வண்டியை என்-இல் போட்டு, கோதை வருவதற்குள் பழைய இடத்தில் உருட்டி வைத்தோம். பங்கார்வாலா என் கண்ணுக்குள் நின்று தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். பார்க்கிங்கின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சுவர்தான் எனக்கு வழி காட்டியது. என் டிரக் நிற்பது சுவரைப் பார்த்து. அது கிளம்ப வேண்டுமென்றால் பின்னால்தான் வர வேண்டும்! எலுமிச்சம்பழத்தைப் பின்பக்கம் வைத்தால் என்ன? தானாக ஏற வேண்டும், யாரும் தள்ளக் கூடாது. இதுதானே பந்தயம்? முன்னால் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? ரிவர்ஸில் அரை அடி, நாலு பழம் பச்சக், பி-யில் போட்டு இறங்கிவிட வேண்டியதுதான். ஊரே பிரசாதத்துக்குப் போன பிறகு சத்தமில்லாமல் தள்ளி வைத்துக்கொள்ளலாம். வாட்ச்மேனிடம் பேசி வைத்தேன். மன்னிப்புக் கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள்.

விஷயம் வெளியே போகக் கூடாது என்று லூர்துசாமி அங்கிளிடம் சத்தியம் வாங்கினேன். "நான் கிறிஸ்தவன் தம்பி, வாக்கு மாற மாட்டேன்" என்றார். சாயந்திரம் ஒரு டஜன் எலுமிச்சம்பழம் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது கோதை காபியோடு காத்திருந்தாள்.

"வண்டி என்னாச்சுங்க?"

"ஜம்முனு இருக்குது. ஆனா ஒண்ணு. சுவரைப் பாத்து நிக்கறதால, பழத்தைப் பின் சக்கரத்துக்குப் பின்னாடிதான் வைக்கோணும்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் காபியை ஆற்றிக் கொடுத்தாள்.

"அதுக்கென்னங்க. பழத்துக்கு முன்னென்ன பின்னென்ன?"

எத்தனை வெள்ளந்தியானவள்! இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று காபி தொண்டைக்குள் கொஞ்சம் நின்றுதான் இறங்கியது. ஆனால் இறங்கிவிட்டது.

தசரா காலையில் சொசைட்டி முழுக்கச் செண்டுமல்லி. ஸ்கூட்டரிலிருந்து குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள் வரைக்கும் மாலை போட்டிருந்தார்கள். கோதை பட்டுப்புடவையில் வந்தாள். என் டிரக்கை அவளே கழுவித் துடைத்து, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்தாள். இத்தனை நாளும் அந்த வண்டியைத் தொட்டால் கையைக் கழுவுகிறவள். பிறகு எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். போனாள், போனாள், பார்க்கிங்கின் மஞ்சள் கோட்டைத் தாண்டியும் போனாள். அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக வைத்தாள்.

"அங்க ஏன் அம்மிணி? சக்கரத்துக்கு ஒட்டி வையேன்."

"எடுத்தவொடனே நசுங்குனா என்னங்க அழகு? வீராப்பா வந்து ஏறோணும்."

கூட்டம் கை தட்டியது. ஏறி உட்கார்ந்தேன். வியாழக்கிழமை ஓடியதில் பாட்டரிக்கு உயிர் வந்திருந்தது; சாவி போட்டதும் எஞ்சின் எழுந்துவிட்டது. ஆர். டிரக் குலுங்கிப் பின்னால் நகர்ந்தது. மஞ்சள் கோடு தாண்டியது. பச்சக், பச்சக். என் காதில் நாதஸ்வரம் கேட்டது. பிரேக்கை மிதித்தேன்.

"ஜெயிச்சுட்டேன்!"

"ஜெயிச்சுட்டீங்க. எறங்காதீங்க, எறங்காதீங்க! சூடம் காட்ட வேண்டாமுங்களா? மூஞ்சிக்கு முன்னால நின்னுதான காட்டோணும்? நான் எங்க நிக்கறது, சுவத்துக்குள்ளயா? இன்னும் கொஞ்சம் வாங்க."

வந்தேன்.

"இன்னும். தட்டுச் சுத்தோணுமுங்க, கை இடிக்குது."

வந்தேன்.

"பூசணிக்காய் ஒடைக்கோணும். வளைச்சு இன்னும் கொஞ்சம் வாங்க."

வளைத்து வந்தேன். டிரக் முழுதாக வெளியே வந்து, உள்பாதையில் குறுக்காக நின்றது. சூடம் காட்டினாள். பூசணிக்காயை ஒரே போடாகப் போட்டாள். எனக்கும் திருஷ்டி சுற்றிப் போட்டாள். பக்கத்து வீட்டு வைஷாலி அக்கா வந்து, தசரா தங்கம் என்று இங்கே கொடுப்பார்களே, அந்த ஆப்டா இலையை என் கையில் வைத்து வாழ்த்தினார். லூர்துசாமி அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாட்ச்மேனைத் தேடினேன், எப்போது தள்ளலாம் என்று கண்ணால் கேட்க.

வாட்ச்மேன் கேட்டை அகலமாகத் திறந்துகொண்டிருந்தான்.

உள்ளே ஒரு கார் வந்தது. சின்னது, சிவப்பு, புத்தம் புதியது. மூக்கில் ரிப்பன், நெற்றியில் செண்டுமல்லி மாலை. இந்த ஊரில் புது வண்டியைத் தசரா அன்றுதான் டெலிவரி எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. யாருக்கோ யோகம் என்று நினைத்தேன். ஷோரூம் ஆள் இறங்கி, சாவியைத் தட்டில் வைத்து நீட்டினான். கோதையிடம்.

கோதை புடவைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரி செய்தாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறாள் என்று நான் நினைத்திருந்த காலைகளில் எல்லாம், சிவாஜிநகரில் டிரைவிங் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் டிரக்கிலிருந்து தலையை நீட்டினேன்.

"கோதை! இது என்ன அநியாயம்? பந்தயத்துல நான் ஜெயிச்சேன்!"

"ஆமாங்க. அதனால உங்க வண்டிய யாரும் விக்கப் போறதில்ல. காலத்துக்கும் நம்மகூடவே இருக்கட்டும். அது நிக்கற எடத்தப் பத்தி நாம பேசவே இல்லீங்களே?"

"என் எடம் எனக்கு வேணும்! இதோ உள்ள போறேன்!" என்று சொல்லிவிட்டு டி-யில் போட்டேன். கோபத்தில் மறந்துவிட்டது. எஞ்சின் கர்ஜித்தது. என் டிரக்கின் மூக்குக்கு நேரே, என் பார்க்கிங் காலியாக, கழுவிவிட்ட தரையோடு இருந்தது. டிரக் அதைப் பார்த்தபடியே நின்றது.

"அன்னிக்கு நீங்க பழம் வாங்கப் போனப்ப சங்கரன் அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணினாருங்க" என்றாள் கோதை. "முன்னாடி போகவே போகாதாமா. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. வேல மும்முரத்துல மறந்துட்டேன்."

பூஜை முடித்து வெளியே கிளம்பிய வண்டிகள் எல்லாம் டிரக்குக்கு அந்தப் பக்கம் வரிசையாக வந்து நின்றுவிட்டன. வழி நடுவே என் டிரக். ஒருவர் ஹார்ன் அடித்தார். பிறகு எல்லோரும் அடித்தார்கள். லூர்துசாமி அங்கிள் தன் ஃபியட்டுக்குள் உட்கார்ந்து எல்லோரையும் விடச் சத்தமாக அடித்தார். கோதை மட்டும் ஹார்ன் அடிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, ஊரார் முன்னால் புருஷனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் சொன்னாள்:

"ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால ரிவர்ஸ் எடுங்க. அதொண்ணுதான் உங்களுக்கு நல்லா வருது."